மாலுமியும் முஅல்லிமும்: கப்பற்சொற்கள் சொல்லும் வரலாறு

உல்லாசப் பயணக் கப்பல்களில், கரையே தென்படாத நாட்களில், பயணியருக்குப் பொழுதுபோக்காக வினாடி வினாப் போட்டி நடத்துவது வழக்கம். காதுக்கு விந்தையாக ஒலிக்கும் கப்பற்சொற்கள் அப்போட்டிகளுக்கு நல்ல தீனி. தளப் பணியாளர்களின் மேற்பார்வையாளரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை எழுத்துப்படி வாசித்தால் ‘போட்ஸ்வெய்ன்’; கப்பலோர் நாவிலோ அது ‘போசன்’. இவ்வாறான கேள்விகள் அவையைச் சிரிக்க வைக்கும்.

ஆனால் அதே அவையில், ‘அட்மிரல்’ எந்த மொழியிலிருந்து புறப்பட்ட சொல் என்று வினவினால் பலர் தடுமாறுவர். தலைவரைக் குறிக்கும் ‘அமீர்’ என்னும் அரபுச் சொல்லே ஐரோப்பாவுக்குச் சென்று கடற்படைத் தலைவரின் பட்டமாயிற்று. பருவம் என்று பொருள்படும் ‘மவ்ஸிம்’ போர்த்துக்கீசியர் வழியே ‘மான்சூன்’ ஆனது. இரட்டை உடல் கொண்ட நவீனப் படகுக்கு வழங்கும் ‘கேட்டமரான்’ நம் கட்டுமரமேயன்றி வேறில்லை.

தமிழுக்குள் வந்து தங்கிய சொற்களும் பல. சுக்கான் என்பது அரபுச் சொல். நங்கூரம் பாரசீக ‘லங்கர்’ என்பதன் திரிபு. கப்பல் தலைவரைக் குறிக்கும் ‘நகுதா’வும், பணியாளர் தலைவரைக் குறிக்கும் ‘சாரங்கு’ம் பாரசீகத்திலிருந்து வந்தவை. காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் முதலிய துறைகளிலிருந்து பொருளேற்றிச் சென்ற நம் முன்னோரின் வாயில் இவை அன்றாடம் புழங்கின.

இவற்றுள் மிகவும் சிந்திக்கத்தக்கது ‘மாலுமி’. இது ‘முஅல்லிம்’ என்னும் அரபுச் சொல்லின் திரிபு. மதரஸாவில் நம் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் ஆசிரியரை எந்தச் சொல்லால் அழைக்கிறோமோ, அதே சொல்லால்தான் இந்தியப் பெருங்கடலில் வழிகாட்டியும் அழைக்கப்பட்டார். கப்பல் நகுதாவின் பொறுப்பில் இருந்தது. திசை அறியும் கல்வியோ முஅல்லிமிடம் இருந்தது.

அக்கல்வியின் கருவி மிக எளியது. அரபுக் கடலோடிகள் அதைக் ‘கமால்’ என்றனர். சோழமண்டலக் கரையில் அதற்கு ‘இராப்பலகை’ என்று பெயர். சிறிய மரப்பலகையின் நடுவில் முடிச்சுகளிட்ட ஒரு கயிறு. கயிற்றைப் பல்லால் கடித்துப் பலகையை முன்னே நீட்டி, அதன் கீழ்விளிம்பைத் தொடுவானத்திலும் மேல்விளிம்பைத் துருவ விண்மீனிலும் பொருத்துவர். எந்த முடிச்சில் இரண்டும் பொருந்துகின்றனவோ, அதுவே விண்மீனின் உயரம். சேரவேண்டிய துறைக்குரிய முடிச்சில் விண்மீன் பொருந்தும்வரை வடக்கிலோ தெற்கிலோ சென்று, பின்னர் அந்த உயரம் மாறாமல் கிழக்கிலோ மேற்கிலோ ஓடினால் கரை தென்படும். அரபுக் கடலோடிகள் இவ்வுயரத்தை விரல் என்று பொருள்படும் ‘இஸ்பஃ’ என்ற அளவால் கணக்கிட்டனர். ஒரு விரல் ஏறத்தாழ 1.6 பாகை.

இச்சொல்லையொட்டி வரலாற்றிலும் ஒரு குழப்பம் உண்டு. 1498-இல் மாலிந்தியிலிருந்து கோழிக்கோட்டுக்கு வாஸ்கோ ட காமாவை வழிநடத்தியவர் யார்? இப்னு மாஜித் என்பதே பலர் சொல்லும் விடை. 1490-ஐ ஒட்டிக் கடற்கலை பற்றிப் பெருநூல் இயற்றிய மேதை அவர். ஆயினும் அவரே காமாவின் வழிகாட்டி என்பதை இன்றைய ஆய்வாளர் பலர் ஏற்பதில்லை. போர்த்துக்கீசிய வரலாற்றாசிரியர் பர்ரோஸ் அவ்வழிகாட்டியைக் குஜராத்தைச் சேர்ந்த முஸ்லிம் என்று கூறி, ‘மலேமோ கானா’ எனப் பெயரிடுகிறார். மலேமோ என்பது முஅல்லிம். கானா என்பது கணிப்பவரைக் குறிக்கும் ‘கணக’ என்பதன் சிதைவு என்பர். அவ்வாறாயின், நமக்குக் கிடைத்திருப்பது அம்மனிதரின் பெயரன்று. அவரது தொழிற்பெயர் மட்டுமே. அரபுச் சொல்லும் இந்தியச் சொல்லும் இணைந்த பட்டம் அது.

பின்னர் ஐரோப்பியக் கப்பல்கள் வந்தன. கடல் ஐரோப்பியர் கைக்குச் சென்றது. படை என்று பொருள்படும் ‘லஷ்கர்’ என்னும் பாரசீகச் சொல், ‘லஸ்கர்’ என மாறி, கீழைநாட்டுக் கப்பல் தொழிலாளரைக் குறிக்கலாயிற்று. அவர்களுக்கு ஆணையிட அவர்களது சொற்களை அறிவது அதிகாரிகளுக்கு அவசியமாயிற்று. 1811-இல் கல்கத்தாவில் தாமஸ் ரோபக் வெளியிட்ட கப்பற்சொல் அகராதி அத்தேவையால் பிறந்தது. சொற்களைக் கற்றவர்கள், அச்சொற்களுக்கு உரியோருக்கு உரிய கூலியைக் கொடுக்கவில்லை. ஒரே கப்பலில் உழைத்தும் ஐரோப்பியரைவிட லஸ்கர்கள் மிகக் குறைவாகவே பெற்றனர்.

முஅல்லிமாக இருந்த மாலுமி இவ்வாறு ஆணைக்குக் காத்திருப்பவரானார். சொல்லின் பொருளும் அவரோடு தாழ்ந்தது. இன்று கப்பலில் வேலை செய்யும் எவரும் மாலுமியே.

நம் கடற்கரை ஊர்களில் பாய்மரக் காலத்தை நேரிலோ, பெற்றோர் வாய்மொழியாகவோ அறிந்த முதியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். காற்றுக்கும் கயிற்றுக்கும் பாய்க்கும் அவர்கள் வழங்கும் பெயர்களுள் பல எந்த அகராதியிலும் ஏறாதவை. விடுமுறையில் ஊர் செல்லும் பிள்ளைகள் ஒரு குறிப்பேட்டுடன் பாட்டனார் அருகில் அமர்ந்து, கேட்டு, எழுதிவைக்கட்டும். வினாடி வினாவில் வெல்வதற்காக அன்று. நம் முன்னோர் கடலில் வெறும் உழைப்பாளராக மட்டுமல்ல, ஆசிரியராகவும் இருந்தார்கள் என்பதை அறிந்துகொள்வதற்காக.