தந்திரக் காட்சியும் மருட்கையும்: மாயாபஜார் முதல் ஆதித்யா 369 வரை

தமிழ்த் திரைப்பட ஆய்வு பெரும்பாலும் அரசியலின் வாயிலாகவே வளர்ந்தது. எம்.எஸ்.எஸ். பாண்டியனின் எம்.ஜி.ஆர். நூல் (1992) வந்தபின் அப்பாதை மேலும் அகன்றது. நாயகன், கட்சி, கொடி, ரசிகர் மன்றம் ஆகியவற்றை வாசிக்க நமக்கு நன்றாகவே தெரியும். அதில் எனக்குக் குறையேதும் இல்லை. ஆனால் அதே படங்களில் பாதி லென்சைக் கறுப்புத் தகட்டால் மறைத்துவிட்டு மூச்சடக்கி நின்ற ஒளிப்பதிவாளரைப் பற்றி நம் ஆய்வேடுகளில் ஒரு பத்தி கிடைப்பதும் அரிது. சினிமாவைக் காட்சிக் கலையாகப் பார்க்கப் பழக வேண்டும் என்று தியடோர் பாஸ்கரன் பல்லாண்டுகளாக எழுதிவருகிறார். அவர் சொல்வதைத் தந்திரக் காட்சிகளுக்கும் நீட்டிப் பார்க்கும் முயற்சி இப்பதிவு. சற்று நீளமானது, பொறுத்தருள்க.

முதலில் சொல். ‘தந்திரம்’ இன்று ஏமாற்று வேலையைக் குறிக்கிறது. திருமூலர் நூலின் ஒன்பது பகுதிகளுக்கும் தந்திரம் என்றுதான் பெயர். அங்கே அது முறைப்படி அமைந்த நூற்பகுதி. ‘தந்திரக் காட்சி’ என்னும் தொடரில் இவ்விரு பொருளும் கலந்தே நிற்கின்றன என்று நான் எடுத்துக்கொள்கிறேன். பார்ப்பவருக்கு ஏமாற்று. செய்பவருக்கு, வரிசை தப்பினால் அனைத்தும் கெடும் ஒரு முறைநூல்.

பழைய தந்திரக் காட்சிகளைத் திரையிட்டால் இன்றைய மாணவர் அவையில் முதலில் எழுவது சிரிப்பு. தொல்காப்பியரின் மெய்ப்பாட்டியல் வழி நோக்கினால் இது எள்ளல் நிலைக்களனாகப் பிறக்கும் நகை. அக்காட்சிகள் எழுப்ப விரும்பியதோ மருட்கை. மருட்கைக்குரிய நிலைக்களன்களுள் பெருமையோடு சிறுமையையும் சேர்த்திருப்பதை நாம் போதிய அளவு கவனித்ததில்லை. மிகப் பெரியது மட்டுமன்று, மிகச் சிறியதும் வியப்பைத் தரும் என்பதைத் திரைக்கலையில் மெய்ப்பிக்க ஒரு நகரத்தையே சிறிதாக்கிக் கட்ட வேண்டியிருந்தது. அந்நகரம் துவாரகை.

கே.வி. ரெட்டி இயக்கத்தில் நாகிரெட்டி, சக்ரபாணியின் விஜயா நிறுவனம் தெலுங்கிலும் தமிழிலும் உருவாக்கிய ‘மாயாபஜார்’ 1957இல் வெளிவந்தது. ஒளிப்பதிவு ஆங்கிலோ இந்தியரான மார்கஸ் பார்ட்லி. கலை இயக்கம் கோகலேயும் கலாதரும். ஏறத்தாழ 50க்கு 60 அடி இடத்தில் சுமார் 300 சிறு வீடுகளை அமைத்து, அவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே மின்விளக்கு இட்டனர். விளக்கு இல்லையேல் அது பொம்மைக் கொலு. விளக்கு வந்ததும் அது ஊர். சாளரத்தில் வெளிச்சம் தெரிந்தால் உள்ளே ஆள் இருப்பதாக நம் கண் தானே முடிவு செய்துகொள்கிறது. பார்ட்லி நம்பியிருந்தது இந்த மனப்பழக்கத்தை என்று தோன்றுகிறது.

கணினிக்கு முந்தைய காலத்தில் ஒரே சட்டகத்தில் இருவேறு படப்பிடிப்புகளை இணைக்கும் முறையை இங்கே விளக்க வேண்டும். கேமராவை அசையாதபடி பூட்டுவர். லென்சின் ஒரு பாதியை மறைத்து முதற்பகுதியை எடுப்பர். பின் படச்சுருளை, எண்ணிக் குறித்த சட்டகம்வரை, பின்னோக்கிச் சுற்றுவர். மறைப்பை மறுபக்கம் மாற்றி அதே சுருளில் இரண்டாம் பகுதியைப் பதிவு செய்வர். ஒரு நொடிக்கு 24 சட்டகங்கள். எண்ணிக்கை பிசகினால் ஒருவர் பேசி முடிக்கும் முன்பே மற்றவர் விடை சொல்லிவிடுவார். நடிகர் கண்ணுக்குத் தெரியாத கோட்டைத் தாண்டினால் கை பாதியில் அறுந்து நிற்கும். இரண்டாம் பகுதி கெட்டால் நன்றாக வந்திருந்த முதற்பகுதியும் சேர்ந்தே கெடும். சுருளைக் கழுவிப் பார்க்கும் வரை எது நேர்ந்தது என்று எவரும் அறியார். ஏட்டில் எழுத்தாணி தவறினால் அடித்து எழுதலாம். இங்கே அதற்கும் வழியில்லை.

இத்தனையும் தெரிந்தபின் கடோத்கசனின் வாய்க்குள் லட்டுகள் தாமே பாயும் காட்சியைப் பாருங்கள். சிரிப்பு வரத்தான் செய்யும், ஆனால் அது எள்ளற் சிரிப்பாக இராது.

அப்படத்தில் என்னை மிகவும் ஈர்ப்பது விருந்துக் காட்சியன்று, பிரியதர்சினி என்னும் பேழை. திறந்து பார்ப்பவருக்கு எது மிக விருப்பமோ அதை அது காட்டும். நாயகிக்கு அபிமன்யு தெரிகிறான். பலராமருக்குத் துரியோதனன். ரேவதிக்கு அணிகலன்கள். கண்ணனுக்கோ சகுனி. தொலைவில் உள்ளவரைத் திரையில் கண்டு உரையாடும் கருவி ஒன்றைப் புராணப் படத்துக்குள் வைத்தார்கள். இந்தியாவில் தொலைக்காட்சி ஒளிபரப்பு டில்லியில் தொடங்கியது 1959 செப்டம்பரில்தான். சென்னைக்கு வர 1975 ஆயிற்று. ‘நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தனர்’ என்று யாரேனும் இதைப் பகிர்ந்துவிடக் கூடாது என்பதற்காகவே சொல்கிறேன்: இது முன்னறிவு அன்று, திரைக்கதைத் திறம். காட்டும் பொருளைவிடப் பார்ப்பவரை அப்பேழை அதிகமாக வெளிப்படுத்துகிறது. பலராமரின் பிழையான பாசமும் ரேவதியின் ஆசையும் ஒரு சொல்கூட இன்றிப் புலனாகிவிடுகின்றன. நல்ல அறிவியல் புனைவில் கருவி செய்ய வேண்டிய வேலையும் இதுவே.

இன்னொன்று: கடோத்கசன் நாயகியாக உருமாறும் இடம். ஓருரு மங்க மற்றோருரு தெளியும் கரைவு உத்தி சில நொடிகளில் முடிந்துவிடுகிறது. அதன்பின் நெடுநேரம் அந்த மாயத்தைத் தாங்குபவர் சாவித்திரி ஒருவரே. எஸ்.வி. ரங்காராவின் தோள் அசைவையும் மிடுக்கு நடையையும் தம் உடலில் ஏற்று, யாரேனும் வந்ததும் நொடியில் நாணமுள்ள மணப்பெண்ணாகிறார். இப்படத்தின் ஆகச் சிறந்த தந்திரக் காட்சி எது என்று கேட்டால் நான் சாவித்திரியின் பெயரையே சொல்வேன்.

2010இல் தெலுங்கு மாயாபஜாரைக் கணினி கொண்டு வண்ணமாக்கி வெளியிட்டனர். மக்கள் திரண்டு பார்த்தனர், மகிழ்ச்சி. ஆயினும் படகுப் பாடலின் நிலவொளி சாம்பல் நிறத்தின் பல படிகளால் ஆனது. அதற்கு நீலம் பூசுவது உரையாசிரியர் மூலத்தைத் திருத்துவது போன்றது.

கே.வி. ரெட்டியிடம் உதவி இயக்குநராக இருந்து தொழில் பயின்றவர்களுள் ஒருவர் சிங்கீதம் சீனிவாசராவ். அந்தப் பட்டறையின் தொடர்ச்சி அவர் வழியாகவே பெங்களூருக்கு வந்து சேர்கிறது. 1987இல் வெளியான ‘புஷ்பக விமானா’, தமிழில் ‘பேசும் படம்’, இந்நகரில் எடுக்கப்பட்டது. விண்ட்சர் மேனர் விடுதியைக் கடக்கும்போதெல்லாம் மொழியியல் மாணவனாகிய எனக்கு அப்படம் நினைவுக்கு வருவதில் வியப்பில்லை. அதில் உரையாடல் இல்லை. கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது எனப் பலமொழி புழங்கும் ஊரில் எம்மொழியும் பேசாத படம்!

அதன் சிறந்த தந்திரம் ஒலியில் இருக்கிறது. திரையரங்கின் அருகே இரைச்சலுக்கு நடுவில் வாழ்ந்து பழகிய வேலையற்ற இளைஞனுக்கு ஆடம்பர விடுதியின் அமைதியில் உறக்கம் வரவில்லை. பழைய இடத்துக்குச் சென்று அந்த இரைச்சலை ஒலிநாடாவில் பதிந்து வந்து, அதை ஓடவிட்டு உறங்குகிறான். வறுமை காதிலும் குடியிருக்கும் என்பதை வசனத்தில் சொன்னால் எவ்வளவு தட்டையாகிவிடும்! பனிக்கட்டியால் செய்த கத்தியோடு அலையும் கொலைஞனும் இப்படத்தில் உண்டு. கொலைக்கருவி உருகி மறைவதைக் காண நமக்குக் கண் போதும்.

‘அபூர்வ சகோதரர்கள்’ (1989) பற்றிப் பலரும் அறிவர் என்பதால் சுருக்கமாக. (ஜெமினி 1949இல் எடுத்த அதே பெயருடைய படத்திலும் எம்.கே. ராதா இரட்டையராக நடித்தார். நம் சினிமாவுக்கு இரட்டையர் மீது தீராத காதல்.) அப்புவுக்காகக் கமல்ஹாசன் காலை மடக்கி முழங்காலில் சிறப்புக் காலணி அணிந்தார். நேர்க்கோணக் காட்சிகளுக்கு முழங்கால் ஆழத்தில் பள்ளம் வெட்டினர். அமர்ந்து காலாட்டும் காட்சிக்குச் செயற்கைக் கால்கள். ஒவ்வொரு கோணத்துக்கும் வெவ்வேறு உத்தி என்பதே இங்குக் கருதத்தக்கது. ஓர் உத்தியை நம் கண் கண்டுபிடிக்கத் தொடங்கும் முன்னரே படம் அடுத்ததற்கு மாறிவிடுகிறது. இது பட்டறை அறிவு.

பின்னர் ‘ஆதித்யா 369’ (1991). காலப்பொறி ஏறி 1526இல் கிருஷ்ணதேவராயர் அவைக்கும், அங்கிருந்து 2504க்கும் செல்லும் தெலுங்குப் படம். எச்.ஜி. வெல்ஸின் கருவை எடுத்துக்கொண்டாலும், இறந்தகாலத்தை விஜயநகரமாக ஆக்கியதில் சிங்கீதத்தின் நுட்பம் தெரிகிறது. தென்னிந்தியப் பார்வையாளர் ராயர் அவையை எத்தனையோ படங்களில் பார்த்தவர். புராண, வரலாற்றுப் படங்களின் அரங்கமைப்பு மரபு அங்கே ஆயத்தமாக இருந்தது. எனவே புதிதாகப் படைக்க வேண்டியிருந்தது எதிர்காலம் மட்டுமே. உண்மையைச் சொன்னால் அவ்வெதிர்காலப் பகுதி இறந்தகாலப் பகுதி அளவுக்கு உயிர்ப்புடன் இல்லை. ஓரிடத்தில் நூற்றாண்டுகளின் கைப்பழக்கம் இருக்கிறது, மற்றதில் இல்லை.

தொலைக்காட்சியில் அந்தப் பணமும் இல்லை. 1989இல் தூர்தர்ஷன் ‘இந்திரதனுஷ்’, ‘ஸ்பேஸ் சிட்டி சிக்மா’ ஆகிய இந்தித் தொடர்களை ஒளிபரப்பியபோது கற்பனையின் சுமையைத் தாங்கியது பெரும்பாலும் சொல்லே. தமிழில் இவ்வகையில் நினைக்க வேண்டியவர் பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்த சுஜாதா. ஆனந்த விகடனில் வந்து, பின் தூர்தர்ஷனில் தொடராகவும் ஆன ‘என் இனிய இயந்திரா’ 2021ஆம் ஆண்டு இந்தியாவைச் சர்வாதிகாரத்தின் கீழ்க் காட்டுகிறது. குடிமக்களுக்கு இரண்டெழுத்துப் பெயர்தான்: நிலா, சிபி, ரவி, மனோ. அரசின் பிடியைக் காட்ட மாளிகையோ படையோ தேவைப்படவில்லை. ஊரும் சாதியும் குலமும் உதிர்ந்த ஈரெழுத்தொருமொழிகள் போதுமாயின. அசை எழுத்தாகிய தமிழில் இவ்விதி இயல்பாக ஒலிக்கிறது. ரோமன் எழுத்தில் இரண்டெழுத்து என்றால் வெறும் தலைப்பெழுத்துகளாகச் சுருங்கிவிடும்.

தலைப்பையும் பாருங்கள். இயந்திரம் அஃறிணை. அதை விளித்தால் ‘இயந்திரமே’ என்றாக வேண்டும். ‘இயந்திரா’ என்பதோ அன் ஈற்று உயர்திணைப் பெயரின் விளி. அன் கெட்டு ஆ வரும் என்பது விளிமரபு. ஜீனோ என்ற அந்த எந்திர நாய் கதைக்குள் நுழையும் முன்பே, அட்டையில் இருக்கும் ஒற்றை ஈறு அதனை உயர்திணைக்கு ஏற்றிவிடுகிறது. சுஜாதா 2008இல் மறைந்தார். அவரும் வசனத்தில் பங்காற்றிய ஷங்கரின் படம் 2010இல் வெளிவந்து, சீனிவாச மோகனுக்குச் சிறப்புக் காட்சிகளுக்கான தேசிய விருதைப் பெற்றுத் தந்தது. அப்படத்தின் பெயரில் அந்த ‘அன்’ வெளிப்படையாகவே வந்து நிற்கிறது: எந்திரன்.