அடக்கத்திலிருந்து அமைதிக்கு: நாய்ப் பயிற்சியின் ஒரு நூற்றாண்டு

நாயைப் பழக்கும் தொழிலில், அடங்கிக் கிடப்பதும் அமைதியாக இருப்பதும் நெடுங்காலம் ஒன்றாகவே கருதப்பட்டன. பிரஷ்யக் காவல்துறைக்காக நாய்களைப் பழக்கிய கொன்ராட் மோஸ்ட் 1910-இல் வெளியிட்ட கையேடு, சரியான செயலுக்கு உடனடியாகப் பரிசு தரவேண்டும் என்று வலியுறுத்தியபோதிலும், முள் பதித்த கழுத்துப்பட்டையையும் பிரம்பையும் விலக்கிவிடவில்லை. இதற்கு மாறாக, முதல் உலகப்போரின்போது 1917-இல் இங்கிலாந்தின் ஷூபரினெஸ்ஸில் படைநாய்ப் பள்ளியை அமைத்த எட்வின் ரிச்சர்ட்சன், வழிதவறிய தூது நாயைத் தண்டிக்காமல் மீண்டும் வழிகாட்ட வேண்டும் என்றும், பீரங்கி ஓசைக்கு அதைச் சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும் என்றும் கருதினார். வெடியோசைக்கு நடுவே பதறாமல் ஓடும் நாயை அடித்து உருவாக்க முடியாது என்பதை அவருடைய அனுபவம் காட்டியது.

பரிசு ஏன் பலனளிக்கிறது என்பதற்கான விளக்கம் உளவியல் ஆய்வகங்களிலிருந்து வந்தது. பூட்டிய பெட்டியிலிருந்து வெளியேறக் கற்ற பூனைகளை 1898-இல் ஆராய்ந்த எட்வர்ட் தார்ண்டைக்கும், 1938-இல் தம் முதல் பெருநூலை வெளியிட்ட பி.எஃப். ஸ்கின்னரும், ஒரு செயலை அடுத்து விலங்குக்கு விருப்பமானது கிடைத்தால் அச்செயல் மீண்டும் நிகழும் வாய்ப்பு கூடுகிறது என்பதை நிறுவினர். இதுவே ‘வலுவூட்டல்’ எனப்படுகிறது. உணவு வந்து சேர்வதற்குள் நாய் வேறொன்றைச் செய்துவிடுமாதலால், சரியான கணத்தைக் குறிக்க ஒரு சிறு ஒலியைப் பயன்படுத்தலாம் என்று ஸ்கின்னர் 1951-இல் எழுதினார். இன்று ‘கிளிக்கர்’ எனப்படும் சிறு கருவி செய்வதும் இதையே.

இந்தியாவிலும் நாய்ப் பயிற்சி காவல் பணியோடு இணைந்தது: அதே 1951-இல் சென்னையில் காவல்துறையின் மோப்ப நாய்ப் பிரிவு தொடங்கப்பட்டது. 1970-இல் எல்லைப் பாதுகாப்புப் படை குவாலியருக்கு அருகிலுள்ள டேகன்பூரில் தேசிய நாய்ப் பயிற்சி மையத்தை நிறுவியது. ஹைதராபாத்தின் மேற்கே மொயினாபாத்தில் உள்ள ஒருங்கிணைந்த உளவுப் பயிற்சி நிறுவனம் காவல்துறை நாய்களைப் பழக்கி வருகிறது. வெடிமருந்தைத் தேடும் நாய், பொருளைக் கண்டதும் குரைத்தாலோ அதைப் பிறாண்டினாலோ உயிரிழப்பு நேரலாம் என்பதால், மோப்பம் பிடித்த இடத்தில் அசையாமல் அமர்வதே அதற்குக் கற்பிக்கப்படுகிறது. அப்படி அமர்ந்தால் விருப்பமான பந்தோ தின்பண்டமோ கிடைக்கும். இவ்வாறு தொழிலின் தேவையே, அசையாதிருத்தலைப் பரிசுக்குரிய செயலாக்கியது.

ஆயினும் அசையாத நாய் எல்லாம் அமைதியான நாய் அல்ல. உடல் விறைத்து, காதுகளைப் பின்னுக்கு மடக்கி, மூச்சிரைக்க உட்கார்ந்திருப்பதும் கீழ்ப்படிதலே. இந்த வேறுபாட்டைப் பயிற்சியின் மையமாக்கியவர் அமெரிக்கக் கால்நடை மருத்துவர் கேரன் ஓவரால். 1997-இல் வெளியான அவருடைய நூலில் இடம்பெற்ற ‘தளர்வுப் பயிற்சி’ பதினைந்து நாள்களுக்கான படிநிலைகளைக் கொண்டது: நாய் அமர்ந்திருக்க, உரிமையாளர் ஓரடி நகர்வது, கைதட்டுவது, அறையை விட்டு வெளியேறுவது, அழைப்புமணியை ஒலிப்பது எனத் தூண்டல்கள் மெல்ல வலுப்பெறுகின்றன, நாயின் உடல் தளர்ந்திருக்கும்போது மட்டுமே தின்பண்டம் தரப்படுகிறது, நாய் பதறினால் தண்டனை இல்லை, எளிதான முந்தைய படிக்குத் திரும்ப வேண்டும்.

செகந்திராபாத்தை ஒட்டிய மல்காஜ்கிரியைப் போன்ற பகுதிகளில் இம்முறைக்கு உடனடிப் பயன் உண்டு. ரயில் ஓசையும் மின்தூக்கியும் ஓயாத அழைப்புமணியும் அங்குள்ள அடுக்குமாடி வாழ்வின் பகுதிகள். குரைத்தல் நாயின் இயல்பான வெளிப்பாடு என்று ஏற்கும் இந்திய விலங்கு நல வாரியத்தின் 2015-ஆம் ஆண்டு வழிகாட்டுதல், இரவில் நாயை அமைதியாக வைத்திருக்க உரிமையாளர் முயல வேண்டும் என்றும் கோருகிறது. விலங்குகளை அடிப்பதை 1960-இன் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் குற்றமாக்கிவிட்டதால், அந்தக் கடமையைச் சட்டத்துக்குள் நின்று நிறைவேற்றும் வழி, நாய் தானே விரும்பி அமைதியைத் தேர்ந்துகொள்ளும்படி அதற்குப் பலன் தருவதே.