பந்தயக் குதிரைப் பராமரிப்பில் உயர்நிலைப் பயிலுநர் பயிற்சி

பந்தயக் குதிரைப் பராமரிப்பு முகாமைத்துவத்தில் உயர்நிலைப் பயிலுநர் பயிற்சி என்பது, பந்தய லாயமொன்றில் ஊதியம் பெறும் பணியாளராக இருந்தபடியே, குதிரையின் தீனி, குளம்பு, உடற்பயிற்சி, நோய்க்குறி, போக்குவரத்து ஆகியவற்றையும், அவற்றோடு லாயத்தின் ஆட்களையும் பதிவேடுகளையும் பொறுப்பேற்று நடத்தும் திறனைப் பெறுவதற்கான தொழிற்கல்வி முறையாகும். தொடக்கநிலைப் பயிலுநர் சொன்ன வேலையைச் சொன்னபடி செய்யப் பழகுகிறார். உயர்நிலைப் பயிலுநரோ குதிரையைப் பார்த்து என்ன செய்ய வேண்டும் என்று தாமே முடிவெடுக்கவும், அம்முடிவுக்குப் பொறுப்பேற்கவும், தமக்குப் பின் வந்தவருக்குக் கற்பிக்கவும் பழகுகிறார். பந்தயத்தில் குதிரையேறி ஓட்டும் ஜாக்கிக்குரிய பயிற்சி இதிலிருந்து வேறானது. பயிலுநர் ஜாக்கியின் குதிரை சுமக்கும் எடையில் சலுகை தரப்படும். பிரித்தானியாவின் சமதரைப் பந்தயங்களில் அச்சலுகை 20 வெற்றிகள் வரை 7 இறாத்தலாகவும், 50 வெற்றிகள் வரை 5 இறாத்தலாகவும், 95 வெற்றிகள் வரை 3 இறாத்தலாகவும் படிப்படியாகக் குறைகிறது. லாயப் பயிலுநரின் தேர்ச்சியை இவ்வாறு வெற்றிகளை எண்ணிக் கணக்கிட முடியாது. அவர் கவனிப்பில் இருக்கும் குதிரை ஓடிய மறுநாளும் நோவின்றி நடக்கிறதா என்பதிலேயே அது வெளிப்படும்.

இப்பயிற்சி முறையான தகைமையாக வளர்ந்த நாடுகளுள் பிரித்தானியா முதன்மையானது. நியூமார்க்கெட்டில் 1983இல் தொடங்கப்பட்ட பிரித்தானியப் பந்தயப் பள்ளியும், டொன்காஸ்டரில் 1984இல் தொடங்கிப் பின்னர் தேசியக் குதிரைப்பந்தயக் கல்லூரி என்று பெயர் பெற்ற நிறுவனமும், குறுகிய கால வதிவிடப் பயிற்சிக்குப் பின் மாணவரை உரிமம் பெற்ற பயிற்றுநரின் லாயத்துக்கு அனுப்பி, மிகுதியான கற்றல் வேலையிடத்திலேயே நடைபெறும்படி அமைத்தன. இங்கிலாந்தின் தகைமைப் படிநிலையில் இரண்டாம் நிலைப் பயிற்சி இடைநிலை என்றும் மூன்றாம் நிலைப் பயிற்சி உயர்நிலை என்றும் வழங்கும். பந்தயக் குதிரைப் பயிற்றுநராக உரிமம் வேண்டுவோரிடம் மூன்றாம் நிலைத் தகைமை எதிர்பார்க்கப்படுவதால், லாயத்தைக் கூட்டிப் பெருக்கும் வேலையில் தொடங்கிய ஒருவர் லாயத்தின் தலைவராக உயர்வதற்கான வழி இப்பயிற்சியூடாகவே செல்கிறது.

தமிழர் நிலங்களில் குதிரை பெரும்பாலும் கடல் கடந்து வந்த விலங்கு. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் குதிரைகள் கடல்வழி வந்திறங்கியதைப் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, பாண்டிய மன்னரும் அவருடைய உடன்பிறந்தாரும் ஓர்மசு, கிசு, ஏடன் முதலிய துறைமுகங்களிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகளைப் பெரும்பொருள் கொடுத்து வாங்கினர் என்றும், ஆண்டு முடிவதற்குள் அவற்றுள் மிகச் சிலவே உயிரோடு எஞ்சின என்றும் எழுதியுள்ளார். குதிரைக்குச் சோறும் சமைத்த இறைச்சியும் கொடுக்கப்பட்டன. லாடம் அடிக்கத் தெரிந்தவர் நாட்டில் இல்லை. குதிரை வணிகர் தம் விற்பனை குன்றிவிடக் கூடாதென்று அத்தகைய தொழிலாளர் எவரும் அங்கே சென்று சேராதபடி தடுத்தனர் என்று அவர் கூறும் காரணங்கள் ஆழ்ந்து நோக்கத்தக்கவை. வணிகரிடம் கேட்டறிந்த செய்தியில் மிகை கலந்திருக்கலாம். ஆயினும் பாரசீக வரலாற்றாசிரியர் வசாபும், வறுத்த வாற்கோதுமையும் நெய் சேர்த்த தானியமும் காய்ச்சிய பசுப்பாலும் அக்குதிரைகளுக்குக் கொடுக்கப்பட்டன என்றும், விரைவு மிக்கவையும் சில காலத்தில் தளர்ந்து பயனற்றுப் போயின என்றும் எழுதியிருப்பதால், இரு சான்றுகளும் ஒரே குறையைச் சுட்டுகின்றன. பொன் கொடுத்து விலங்கை இறக்கிய அரசுக்கு அதைப் பேணும் கைகள் வாய்க்கவில்லை. குதிரை நூல்கள் வடமொழியில் இல்லாமலில்லை. நகுலன் பெயரால் வழங்கும் அசுவ சாத்திரத்தைத் தஞ்சை சரசுவதி மகால் நூலகம் பிற்காலத்தில் பதிப்பித்துள்ளது. ஆனால் குளம்பின் சூட்டை உணரும் விரலுணர்வு ஏட்டிலிருந்து கைக்கு வருவதில்லை. தேர்ந்தவர் ஒருவரின் அருகில் நின்று பழகினாலொழிய அது கிட்டாது.

இலங்கையில் நெடுந்தீவுக் குதிரைகள் இவ்வரலாற்றின் எஞ்சிய சான்றுகள். போர்த்துக்கீசர் கொண்டுவந்தவை என்று கருதப்படும் இவற்றை ஒல்லாந்தர் அத்தீவில் பெருக்கினர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தானிய அதிகாரியான நோலன் இனவிருத்தியைத் தொடர்ந்து மேற்பார்த்தார். பராமரிப்பு நின்றபின் குதிரைகள் காட்டு நிலைக்குத் திரும்பின. பந்தயம் வேறிடங்களில் வளர்ந்தது. நுவரெலியாவில் 1875 முதலும், கொழும்பு கறுவாத்தோட்டத்துத் திடலில் 1893 முதலும் குதிரைகள் ஓடின. இரண்டாம் உலகப்போரில், 1942இல், கொழும்புத் திடல் விமான ஓடுபாதையாக்கப்பட்டது. 1956இல் அமைந்த அரசின் காலத்தில் பந்தயம் முடிவுக்கு வந்து, 1981இல் நுவரெலியாவில் மீண்டும் தொடங்கியது. கால் நூற்றாண்டு நீண்ட அந்த இடைவெளியில் ஒரு தலைமுறைக்குத் தொழில் கைமாறும் வாய்ப்பே இல்லாமற் போயிற்று. பந்தயத்தை மீட்பது ஆணையொன்றால் இயலும். தேர்ந்த லாயப் பணியாளரை மீட்பதற்கு ஆண்டுகள் வேண்டும்.

தமிழ்நாட்டில் தொடர்ச்சி நீண்டது. கிண்டியில் 1777 முதல் குதிரைகள் ஓடியதாகக் கூறப்படுகிறது. மெட்ராஸ் ரேஸ் கிளப் 1896இல் அமைந்தது. அங்கு குதிரையைத் தேய்த்து, தீனியிட்டு, நடத்தும் பணியாளர் சைஸ் என்றும், காலை ஓட்டப் பயிற்சியில் ஏறுபவர் ரைடிங் பாய் என்றும், லாயத்தின் மூத்த பணியாளர் ஜமேதார் என்றும் அழைக்கப்படுவர். உயர்நிலைப் பயிலுநர் எனப் பிரித்தானியா சான்றிதழில் எழுதும் பொறுப்புகளுள் பெரும்பகுதியை ஜமேதார் சான்றிதழின்றியே ஏற்றுவந்துள்ளார். கோடை தொடங்கியதும் குதிரைகள் மலைப்பாதை வழியே ஏறத்தாழ 2,200 மீற்றர் உயரத்திலுள்ள உதகமண்டலத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டதால், பயண அயர்ச்சி, தண்ணீர் மறுத்தல், குளிர் ஆகியவற்றைக் கையாளும் பட்டறிவும் இவர்களிடம் சேர்ந்தது. பந்தயத்தைத் தமிழ்நாடு அரசு சட்டத்தால் நிறுத்த முற்பட்ட வழக்கில், உச்ச நீதிமன்றம் 1996இல் குதிரைப்பந்தயத்தைத் திறமை மேலோங்கிய போட்டி என்று தீர்ப்பளித்தபோது, குதிரையும் ஜாக்கியும் பெறும் பயிற்சி அத்தீர்ப்பின் அடிப்படைகளுள் ஒன்றாக அமைந்தது. ஆனால் அப்பயிற்சியின் அன்றாடச் சுமையைத் தாங்கியவர்களின் திறமை எந்தப் பதிவேட்டிலும் தகைமையாக ஏறவில்லை. உதகைத் திடலை 2024 யூனில் அரசு மீட்டுக்கொண்டதும், அவ்வாண்டு செப்டெம்பரில் கிண்டி நிலத்தின் குத்தகை முடிவுறுத்தப்பட்டதும், நிலம், பாக்கி, வெள்ள வடிகால் ஆகியவை பற்றிய விவாதங்களாகவே பேசப்பட்டன. திடல் மூடப்பட்டால் தம் தொழிலறிவுக்கு எழுத்துச் சான்று ஏதுமின்றி வெளியேற வேண்டிய லாயப் பணியாளரின் நிலை அவ்விவாதங்களில் உரிய இடம் பெறவில்லை.

பயிற்சியின் உள்ளடக்கம் குதிரையின் உடலமைப்பிலிருந்தே பிறக்கிறது. ஓய்விலிருக்கும் வளர்ந்த குதிரையின் இதயம் நிமிடத்துக்கு 28 முதல் 44 முறை துடிக்கும். அது 8 முதல் 16 முறை மூச்செடுக்கும். உடல் வெப்பம் 37.2 முதல் 38.3 பாகை செல்சியசு வரை இருக்கும். முழுவேக ஓட்டத்தில் இதயத்துடிப்பு 200ஐக் கடக்கும். பொது அளவுகளை அறிவது தொடக்கநிலைப் பாடம். தம் பொறுப்பிலுள்ள ஒவ்வொரு குதிரைக்கும் இயல்பான அளவு எது என்று அறிந்து, அது சற்றே பிறழ்ந்த காலையில் ஓட்டப் பயிற்சியை நிறுத்தச் சொல்லும் துணிவைப் பெறுவது உயர்நிலைப் பாடம். விடியலில் ஓட்டத்துக்கு முன் நான்கு கால்களையும் கையால் தடவி, முழங்காலுக்குக் கீழே பின்புறமாக இறங்கும் தசைநாணில் சூடோ வீக்கமோ உண்டா என்று பார்த்தல், லாயத்தின் முதற்கடமை. பின்னர் குதிரையை நேர்கோட்டில் நடத்தியும் பெருநடையில் ஓட்டியும் பார்ப்பர். முன்னங்காலில் நோவிருந்தால் அக்கால் தரையில் படும்போது தலை மேலெழும், நல்ல கால் படும்போது தாழும். குதிரையைப் பந்தயத்துக்குப் பதிவு செய்திருக்கும் உரிமையாளரும் பயிற்றுநரும் காத்திருக்கையில் அந்த மெல்லிய தலையசைவை எடுத்துரைப்பது எளிதன்று. இப்பயிற்சியின் அறப்பகுதி இங்கேதான் இருக்கிறது.

தீனி அதனினும் நுட்பமானது. குதிரையின் இரைப்பை 8 முதல் 15 லீற்றர் கொள்ளளவே உடையது. குதிரையால் வாந்தியெடுக்கவும் இயலாது. ஆதலால் அளவு மீறிய தீனியோ திடீரென மாற்றிய தீனியோ சூலை எனப்படும் கடும் வயிற்றுநோவாக முடிந்து உயிரையும் பறிக்கலாம். ஒரே வேளையில் மிகுதியாகக் கொடுத்த தானியம் செரியாமல் பெருங்குடலை அடைந்து புளித்தால், அதன் விளைவு குளம்பினுள் அழற்சியாக வெளிப்படும். வயிற்றில் நேர்ந்த பிழைக்குக் கால் நொண்டும் இத்தொடர்பைக் காரணகாரியத்தோடு விளக்கத் தெரிந்தவரே உயர்நிலைத் தேர்ச்சி பெற்றவராவார். ஆகவே உடல் எடையில் குறைந்தது 1.5 விழுக்காடு உலர்ந்த புல்லாக நாள்தோறும் சேர வேண்டும் என்பதும், தானியத்தைச் சிறு பங்குகளாகப் பிரிக்க வேண்டும் என்பதும் கண்டிப்பான விதிகள். லாடம் 4 முதல் 6 வாரங்களுக்கு ஒருமுறை கழற்றப்பட்டு, குளம்பு சீவப்பட்டு, மீண்டும் அடிக்கப்படும். மருந்துப் பதிவேடும் இதனோடு சேரும். ஒரு குதிரைக்குக் கலந்த மருந்து வாளியின் வழியே மற்றொன்றின் தீனியிற் பட்டாலும், பந்தயத்துக்குப் பின் எடுக்கும் மாதிரியில் அது தெரியவரலாம்.

வெப்பமும் ஈரப்பதமும் மிக்க கரையோரங்களுக்கு ஒரு தனிப்பாடம் தேவைப்படுகிறது. குதிரை தன் உடற்சூட்டைப் பெரும்பாலும் வியர்வையால் தணிக்கிறது. குளிர்நாடுகளிலிருந்து வெப்பமண்டலக் குடியேற்ற நாடுகளுக்குக் கொண்டுவரப்பட்ட குதிரைகள் சில காலத்தில் வியர்க்கும் ஆற்றலை இழந்ததை 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே கால்நடை மருத்துவர் பதிவு செய்தனர். உலர்ந்த தோல், விரைந்த மூச்சு, தணிய மறுக்கும் உடற்சூடு ஆகியவை வியர்வையின்மை எனப்படும் இந்நிலையின் குறிகள். ஓட்டத்தை விடியலுக்கு முன் நகர்த்துதலும், குளிர்ந்த நீரைத் தொடர்ந்து ஊற்றிக் காற்றோட்டத்தில் நடத்துதலும் இதற்கான பராமரிப்பின் முதற்படிகளாகும்.

இத்தகைய கரையோரங்களுள் ஒன்றான, இலங்கையின் கிழக்கே ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுள்ள மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்த பகுதி பந்தயத் திடலுக்குப் பேர்பெற்றதன்று. விலங்கு வளர்ப்போ இங்கு ஆழ வேரூன்றியது. வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் பட்டிக்காரர் எனப்படும் மந்தை வளர்ப்போர், வேளாண்மைக் காலத்தில் மாடுகளையும் எருமைகளையும் மயிலத்தமடு, மாதவணை முதலிய தொலைவான மேய்ச்சல் தரைகளுக்குச் சாய்த்துச் சென்று, அறுவடைக்குப் பின் வயல்வெளிக்குத் திருப்புவர். மந்தையில் சோர்ந்த ஒன்றைத் தொலைவிலிருந்தே இனங்காணும் அவர்களுடைய பார்வை, லாயப் பயிற்சி உருவாக்க விரும்பும் பார்வையே. வந்தாறுமூலையில் 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் பல்கலைக்கழகமான கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடத்தில் விலங்கு விஞ்ஞானம் கற்பிக்கப்படுகிறது. இலங்கையின் தேசிய தொழில் தகைமைச் சட்டகம் ஏழு நிலைகளைக் கொண்டது. முதல் நான்கும் சான்றிதழ்களாகவும், ஐந்தும் ஆறும் டிப்ளோமாக்களாகவும், ஏழாவது பட்டமாகவும் அமையும். வகுப்பறைக்கு வராமல் வேலையிற் கற்றவருக்கும், முன்கற்றலை அங்கீகரித்தல் என்ற நடைமுறைப்படி அவர் செய்துகாட்டும் திறனை மதிப்பிட்டுத் தகைமை வழங்க இச்சட்டகம் இடமளிக்கிறது. கிண்டியின் ஜமேதாருக்கு வாய்க்காத ஏற்பாடு இது. பட்டியில் வளர்ந்த இளைஞர் ஒருவர் லாயத் தொழிலுக்குச் செல்ல விரும்பினால் அவருடைய கைப்பழக்கத்தின் பெரும்பகுதி பயன்படும். தீனியைப் பற்றிய அறிவை மட்டும் அடியிலிருந்து மாற்றிக்கொள்ள வேண்டும். அசைபோடும் எருமை நான்கு அறை இரைப்பையால் சமாளித்துக்கொள்ளும் பூஞ்சணம் பிடித்த வைக்கோல், குதிரைக்குச் சூலையையும் மூச்சுக்குழல் நோயையும் உண்டாக்கக்கூடும். எனவே வைக்கோலை முகர்ந்தும் உதறியும் சோதித்து ஒதுக்குதல் அவருக்குரிய முதற்பாடமாக அமையும்.