காட்ஜில்லாவை எழுப்பியவர் யார்?

ஜப்பானியர் 1954இல் எடுத்த ‘காட்ஜில்லா’ படத்தில், பலி கேட்கும் பழைய பூதம் என்கிறார் தீவுக் கிழவர். ஹைட்ரஜன் குண்டுச் சோதனை கலைத்துவிட்ட கடல் விலங்கு என்கிறார் அறிஞர். பழங்கதைப் பூதத்துக்குப் பகுத்தறிவு தந்த விளக்கம்! வெறுங்கற்பனை என்று நாம் தள்ளிவிட முடியுமோ? அவ்வாண்டு மார்ச் 1 அன்று பிகினித் தீவில் அமெரிக்கா வெடித்த குண்டின் சாம்பல், சூரை மீன் பிடிக்கச் சென்ற ஜப்பானியப் படகின்மீது பொழிந்தது. 23 பேரும் நோயுற்றனர். ஒருவர் செப்டம்பரில் மாண்டார். நவம்பரில் வந்த படமோ, கண்ணைப் பறிக்கும் ஒளியில் கப்பலொன்று அழிவதோடு தொடங்குகிறது. நாகசாகியில் தப்பிப் பிழைத்தது இதற்குத்தானா என்று ரயிலில் நோகிறாள் ஒரு நங்கை. அதே படத்தை 1956இல் அமெரிக்கர் வெட்டி ஒட்டித் தம் நாட்டில் ஓட்டினர். பூதம் இருந்தது, நங்கையின் பேச்சு இல்லை!