மூளையின் நொதியங்களும் நமது உறவுமுறைத் திருமணங்களும்

கொழுப்பு என்றதும் நாம் இதயநோயையே நினைக்கின்றோம். ஆனால் நீரை நீக்கிப் பார்த்தால் மனித மூளையின் எடையில் ஏறத்தாழ அரைவாசி கொழுப்புப் பொருட்களே. மூளைக் கலங்களின் மென்சவ்வும் நரம்பு நார்களைப் போர்த்தியுள்ள மயலின் உறையும் பெரும்பாலும் அவற்றால் ஆனவை. பழைய கொழுப்புகள் ஓயாது சிதைக்கப்பட்டுப் புதியவை அவ்விடத்தைப் பெறுகின்றன. இப்பணியைப் படிப்படியாகச் செய்பவை நொதியங்களே.

அவற்றுள் ஒன்று குறைந்தாலும் விளைவு கொடியது. ஹெக்சோசாமினிடேஸ் ஏ என்னும் நொதியம் இல்லாத குழந்தையின் நரம்புக் கலங்களில், சிதைக்கப்படாத கொழுப்பு தேங்குகின்றது. முதல் சில மாதங்கள் நலமாக வளரும் அக்குழந்தை பின்னர் பார்வையையும் அசைவையும் இழந்து, பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் இறந்துவிடுகின்றது. இதுவே தேய்-சாக்ஸ் நோய். இது கண்ணூறும் அன்று, தாயின் குறையும் அன்று. பழுதான பரம்பரை அலகு ஒன்றைத் தாயும் தந்தையும் தாம் நலமாக இருந்துகொண்டே சுமந்தால், ஒவ்வொரு கருவுக்கும் நோய் வரும் வாய்ப்பு 25 வீதமாகும்.

மட்டக்களப்பு வாவியைச் சூழ வாழும் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் தாய்வழிக் குடிமுறை பொதுவானது. ஒரே குடிக்குள் மணம் செய்யலாகாது என்பது மரபு. எனினும் மாமன் மகளும் மாமி மகளும் வேறு குடியினர் ஆதலால் அவர்களை மணப்பதை அம்மரபு தடுப்பதில்லை. குடி வேறு என்பதால் இரத்தம் வேறாகிவிடாது. இத்தகைய மணமக்கள் தம் பரம்பரை அலகுகளில் எட்டில் ஒரு பங்கைப் பொதுவாகக் கொண்டிருப்பர். அவர்களின் பிள்ளைகளில் பெரும்பாலானோர் நலமாகவே பிறக்கின்றனர் என்பதையும் மறந்துவிடலாகாது. ஆயினும் அரிய நோய்களுக்கான வாய்ப்பு அங்கு கூடுகின்றது.

தேய்-சாக்ஸ் நோயால் பெரிதும் பாதிக்கப்பட்ட யூத சமூகம் இதற்கொரு வழி கண்டது. 1971 இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், மதத் தலைவர்களின் ஒத்துழைப்புடன் இந்நொதியத்தைக் குருதியில் அளக்கும் பரிசோதனை தொடங்கியது. அதன்பின் வட அமெரிக்க யூதரிடையே இந்நோய் 90 வீதத்துக்கும் மேலாகக் குறைந்தது. தம் மரபை அவர்கள் கைவிடவில்லை, அறிந்து நடந்தனர்.

நாமும் அவ்வாறே நடக்கலாம். குடும்பத்தில் காரணம் தெரியாது குழந்தை இறந்திருந்தால், திருமணத்துக்கு முன்பே மருத்துவரிடம் அதனைக் கூறுவோம். கோயில் வண்ணக்கரும் பள்ளிவாசல் மரைக்காயரும் இதைப் பற்றி வெளிப்படையாகப் பேசினால், பல பெற்றோரின் கண்ணீரைத் தவிர்க்கலாம்.