ஷீன்: ஒரு பல்லும் இரண்டு ஒலியும்

தமிழ் வேதாகமத்தில் 119ஆம் சங்கீதத்தைப் புரட்டியவர்கள், எட்டெட்டு வசனங்களின் தலையில் ஆலெப், பேத், கிமெல் என்று ஒன்றும் விளங்காத பெயர்கள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். எபிரேய நெடுங்கணக்கின் 22 எழுத்துகளுடைய பெயர்கள் அவை. மூலத்தில் அந்தந்த எழுத்தே எட்டு வசனங்களுக்கும் முதலாய் நிற்கும். நம் ஆத்திசூடிக்குச் சொந்தக்காரர்களான நமக்கு இந்த அகரவரிசை அழகு புதிதன்று. புதிது, பெயர்கள்தாம். நாம் கரம், காரம் என்று சாரியை சேர்த்து எழுத்தைச் சுட்டுகிறோம். அவர்களோ ஆலெப்பில் காளையையும், பேத்தில் வீட்டையும், ஆயினில் கண்ணையும், பேயில் வாயையும் வைத்திருக்கிறார்கள்.

இருபத்தோராவது எழுத்து ஷீன். பல்லைக் குறிக்கும் ‘ஷேன்’ என்னும் சொல்லோடு உறவுடையது. மேல்நோக்கிய மூன்று கிளைகளைப் பார்த்தால் பல்வரிசை என்றே தோன்றும். பழைய வடிவம் வில்லைக் குறித்தது என்பாரும் உளர். பெயர் ஒன்றாயினும் ஒலி இரண்டு. வலக்கிளையின் மேல் புள்ளி வைத்தால் ‘ஷ’, இடக்கிளையின் மேல் வைத்தால் ‘ஸ’. இப்புள்ளியை, கி.பி. 7 முதல் 10ஆம் நூற்றாண்டு வரை ஓதுமுறையைக் கட்டிக்காத்த மசோரெத்து அறிஞர்கள் இட்டனர். இடப்புள்ளி எழுத்து தொன்மையில் நாவின் ஓரத்தால் காற்றை உரசி விடும், லகரச் சாயல் கொண்ட தனியொலி என்பர் மொழிநூலார். ‘போஸெம்’ என்னும் எபிரேய நறுமணச் சொல்லின் உறவு கிரேக்கத்தில் ‘பால்ஸமோன்’ என்று லகரத்தோடு வழங்குவது அதற்குச் சான்று. ஒலி மறைந்தது, எழுத்து மறக்கவில்லை.

இந்த ஷகரத்தால் உயிர் போன கதையும் உண்டு. நியாயாதிபதிகள் 12ஆம் அதிகாரத்தில், யோர்தானின் துறையைக் கடக்க வந்த எப்பிராயீமரை, கீலேயாத்தியர் ‘ஷிபோலேத்’ சொல்லச் சொன்னார்கள்; ‘சிபோலேத்’ என்று வந்தால் வெட்டினார்கள். அச்சொல்லுக்குக் கதிர் என்றும் நீர்ப்பெருக்கு என்றும் பொருள். கிரந்த ஷகரம் மட்டும் நம் அச்சில் இல்லையெனில் இந்தக் கதையைத் தமிழில் அச்சிடவே முடிந்திராது; இரண்டும் சிபோலேத் ஆகியிருக்கும்.

ஏனெனில் நம் சகரமும் ஒரு ஷீன்தான். ‘பச்சை’யில் ஒன்று, ‘பஞ்சு’வில் ஒன்று, சொல்முதலில் இன்னொன்று என ஒலிக்கும் அதற்குப் புள்ளிகூட வேண்டியதில்லை. தொல்காப்பியர் இடைநாவும் இடையண்ணமும் பொருந்தப் பிறப்பதாகக் கூறிய வல்லெழுத்து, இன்று ஆரணிப் பேருந்தின் நடத்துநர் “செய்யார், செய்யார்” என்று கூவுகையில் பல்லோரம் சீறிக்கொண்டு ‘ஸெய்யார்’ என்றே காதில் விழுகிறது. ஊரின் ஆங்கில எழுத்துக்கூட்டலோ ‘சென்னை’யைப் போல இன்னும் வல்லொலியைத்தான் காட்டுகிறது.

ஊருக்கும் ஆற்றுக்கும் பொதுவான செய்யாறு என்ற பெயரையும் சற்றுப் பிரித்துப் பார்ப்போம். செய்ய ஆறு, செந்நிற ஆறு என்பர். நன்செய் புன்செய்யில் வரும் ‘செய்’, வயல் என்பர். சேய் ஆகிய முருகன் உண்டாக்கிய ஆறு என்பது தலமரபு. சவ்வாது மலையில் பிறந்து பாலாற்றில் சேரும் இந்த ஆற்றை மலைபடுகடாம் ‘சேயாறு’ என்றே சுட்டுவதால், நெடில் குறுகி யகரம் இரட்டித்தது என்று கொள்வதே எனக்கு முறையாகப் படுகிறது.

ஈற்றிலும் ஓர் ஒலி கரைந்திருக்கிறது. ஏட்டில் செய்யாறு, பேச்சில் செய்யார். றகரமும் ரகரமும் இங்கே நாவில் ஒன்றாகிவிட்டன, எபிரேயத்தில் இடப்புள்ளி ஷீனும், ‘ஸ’ என்றே ஒலிக்கும் சாமெக் என்னும் எழுத்தும் ஒன்றானதுபோல. ஆனால் குமரி மாவட்டத்து முதியவர் ஒருவரிடம் ‘கறி’, ‘கரி’ இரண்டையும் சொல்லச் சொல்லிக் கேளுங்கள், தனித்தனியே கேட்கும்.