31 பாளம் இரும்பு

மைன்கிராஃப்ட் ஆட்டத்தில் 24 இரும்புப் பாளம் கையில் இருந்தால் தலை முதல் கால் வரை கவசம் செய்துகொள்ளலாம். இன்னும் 2 பாளத்தில் ஒரு வாள். 3 பாளத்தில் ஒரு பிக்காசு. மேற்கொண்டு 2 இருந்தால் ஆட்டு ரோமம் வெட்டும் கத்தரி. ஆக மொத்தம் 31. இத்தனையையும் விட்டுவிட்டு, அதே 31 பாளத்தையும் கொட்டி ஒரே ஒரு பொருளைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அது வெட்டாது, தோண்டாது, உடம்பைக் காக்காது. அதன் பெயர் ஆன்வில். கொல்லர் பட்டறையில் சம்மட்டி அடி வாங்கிக்கொண்டு கிடக்குமே, அந்தப் பட்டடைதான்.

அதன் பிறப்பு மண்ணுக்கு அடியில். சாம்பல் நிறப் பாறையில் இளஞ்சிவப்பும் பழுப்பும் கலந்த புள்ளிகள் தெரிந்தால் அது இரும்புத் தாது. மரப் பிக்காசால் அடித்தால் பாறை உடையும், தாது கிடைக்காது. கல் பிக்காசாவது வேண்டும். 2021 இறுதியில் வந்த 1.18 பதிப்பு உலகத்தின் உயரத்தையும் ஆழத்தையும் மாற்றி அமைத்ததிலிருந்து, நிலத்தடியில் இரும்பு தேடுகிறவர்கள் 16ஆம் மட்டத்தை ஒட்டித் தோண்டுகிறார்கள். கிடைத்த தாது உலைக்குப் போகும். ஒரு துண்டு உருக 10 விநாடி. ஒரு கரித்துண்டு 8 துண்டுகளை உருக்கும். 31 பாளத்துக்கு 4 கரி, 5 நிமிடம் 10 விநாடி. வெளியே இருட்டிவிட்டால் இந்த ஐந்து நிமிடமும் கதவுக்கு அந்தப் பக்கம் ஸோம்பிகள் உறுமிக்கொண்டிருக்கும்.

பிறகு 9 பாளத்துக்கு ஒன்று என்று மூன்று இரும்பு பிளாக்குகள். கிராஃப்டிங் டேபிளின் ஒன்பது கட்டங்களில் மேல் வரிசை முழுக்க அந்த மூன்று பிளாக்குகளும், நடுக்கட்டத்தில் ஒரு பாளமும், கீழ் வரிசையில் மூன்று பாளங்களும் வைக்க வேண்டும். அகன்ற தலை, ஒடுங்கிய இடுப்பு, விரிந்த அடி. வைத்து முடிக்கும்போதே ஆன்வில் உருவம் கட்டங்களில் தெரிந்துவிடும். இந்த ஆட்டத்தின் செய்முறைகள் பலவும் இப்படிப் படம் வரைவது போன்றவைதான் என்றாலும், இது அவற்றில் நேர்த்தியான ஒன்று.

ஓர் இடைச்செருகல். ஆட்டத்தில் ஒரு பிளாக் என்பது ஒரு கன மீட்டர். அத்தனை இரும்பு நிஜத்தில் 7,800 கிலோவுக்கு மேல் எடை இருக்கும். அந்தக் கணக்கில் ஓர் ஆன்விலுக்குள் போவது சுமார் 27 டன். ஆட்டக்காரர் தன் பையின் ஒரே கட்டத்தில் இப்படி 64 ஆன்வில்களை அடுக்கிக்கொண்டு மலை ஏறுவார், நீந்துவார், ஓடுவார். மூச்சுகூட வாங்காது.

ஆன்வில் ஆட்டத்தோடு கூடப் பிறந்ததல்ல. மார்கஸ் பெர்சன் சுவீடனில் உருவாக்கிய மைன்கிராஃப்ட், பொதுமக்கள் கைக்கு முதலில் வந்தது 2009 மே மாதம். முழுமையான பதிப்பு 2011 நவம்பரில் வெளியானது. தொடக்க காலத்தில் கருவி தேய்ந்தால் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று செய்வதுதான் வழக்கம். பிறகு, தேய்ந்த இரண்டு கருவிகளை கிராஃப்டிங் கட்டத்தில் சேர்த்து ஒன்றாக்கும் வழி வந்தது. ஆனால் கருவியில் ஏற்றி வைத்த மந்திரங்கள் அந்தச் சேர்க்கையில் அழிந்துபோகும். அரும்பாடுபட்டு மந்திரம் ஏற்றிய வைரப் பிக்காசு ஒருநாள் உடையத்தான் போகிறது, அதற்குள் தோண்டுகிற மட்டும் தோண்டிக்கொள் என்பதுதான் அன்றைய நியதி. பலர் அதைப் பெட்டியில் பூட்டிவைத்துக் கல் பிக்காசால் காலம் தள்ளினார்கள்.

2011 டிசம்பரில் ஆட்டத்தின் பொறுப்பு ஜென்ஸ் பெர்கென்ஸ்டன் கைக்கு மாறியது. அடுத்த அக்டோபர் 25 அன்று வந்த 1.4.2 பதிப்பில் ஆன்வில் இருந்தது. மூன்று தலை அரக்கன் விதர், உருளைக்கிழங்கு, கேரட், பொருளை மாட்டிவைக்கும் சட்டகம் எல்லாம் அதே பதிப்பில் வந்தவைதான். பேசப்பட்டதென்னவோ விதர்தான். எனக்கென்னவோ ஆட்டத்தின் குணத்தையே மாற்றியது ஆன்வில் என்று தோன்றுகிறது. அதுவரை எல்லா வாள்களும் வெறும் வாள்கள். அன்றிலிருந்து ஒரு வாளுக்குப் பெயர் இருக்கலாம், வயது இருக்கலாம், பட்ட காயங்களின் கணக்கும் இருக்கலாம்.

தரையில் வைத்ததும் கணீர் என்று ஒரு சத்தம். தொட்டால் திறக்கும் பலகையில் இரண்டு கட்டங்கள், விடைக்கு மூன்றாவது ஒன்று, மேலே பெயர் எழுத ஒரு கோடு. இடப்பக்கம் தேய்ந்த பிக்காசு. வலப்பக்கம் அது எதனால் செய்யப்பட்டதோ அந்தப் பொருள், அல்லது அதே மாதிரி இன்னொரு பிக்காசு. வைரப் பிக்காசின் முழு ஆயுள் 1,561. ஒரு வைரம் வைத்தால் அதில் கால்பங்கு திரும்பும். நான்கு வைத்தால் முழுசாகும். இன்னொரு பிக்காசைப் பலி கொடுத்தால் இரண்டின் ஆயுளும் கூடி, மேற்கொண்டு முழு ஆயுளில் 12 சதவீதம் சேரும். மந்திரங்கள் அப்படியே நிற்கும்.

கூலி வைரத்தோடு முடிவதில்லை. ஆட்டக்காரர் சேர்த்து வைத்த அனுபவ லெவல்களிலிருந்தும் பிடித்துக்கொள்ளும். இங்கேதான் ஆன்விலின் கொடூரமான கணக்கு தொடங்குகிறது. ஒரு பொருள் எத்தனை முறை அதன்மேல் ஏறி இறங்கியது என்பது அந்தப் பொருளிலேயே பதிந்துவிடும். ஒவ்வொரு முறையும் அபராதம் இரட்டித்து அதோடு ஒன்று கூடும்: 0, 1, 3, 7, 15, 31. ஒரு வைரத்துக்கு ஒரு லெவல் கூலி. ஆக, ஒவ்வொரு வைரமாக வைத்துச் சரிசெய்கிறவர் 1, 2, 4, 8, 16, 32 என்று கொடுத்துக்கொண்டே போவார். ஏழாவது முறை 64 கேட்கும். உயிர்பிழைப்பு முறையில் 39 லெவலுக்கு மேல் ஆன்வில் வேலையே எடுத்துக்கொள்ளாது. விலை மிக அதிகம் என்று சிவப்பு எழுத்தில் சொல்லிவிட்டுச் சும்மா இருந்துவிடும்.

32 லெவல் என்பது சின்னத் தொகையல்ல. வெறுங்கையோடு தொடங்கி அதை எட்ட 1,628 புள்ளி வேண்டும். ஒரு ஸோம்பியைக் கொன்றால் 5 புள்ளி. 300க்கு மேற்பட்ட ஸோம்பிகள், ஒரே ஒரு வைரத்தைப் பிக்காசில் பொருத்த!

ஆகவே விவரம் தெரிந்தவர்கள் அவசரப்பட்டு ஆன்விலிடம் போவதில்லை. பிக்காசு உடைகிற விளிம்புக்கு வரும்வரை தோண்டிவிட்டு, நான்கு வைரத்தையும் ஒரே தடவையில் வைப்பார்கள். அப்படிச் செய்தால் கூலி 4, 5, 7, 11, 19, 35 என்று போகும். இதிலும் ஆறு தடவைதான், ஆனால் ஒவ்வொரு தடவையும் முழு ஆயுள் கிடைக்கிறது. விளிம்பு எது என்று தெரியாமல் இன்னும் நாலு கல் உடைக்கலாமே என்று போய், கண்ணெதிரே பிக்காசு பொடிந்துபோன கதைகளுக்கும் குறைவில்லை.

மந்திரப் புத்தகங்கள் வந்த பிறகு இது தனி சாஸ்திரமாகவே வளர்ந்துவிட்டது. ஒரு கருவியில் ஏழு புத்தகங்களை ஏற்ற வேண்டும் என்று வையுங்கள். ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றினால் ஏழாவதற்கு வரும்போது அபராதம் மட்டுமே 63, கதவு சாத்தப்பட்டுவிடும். சாமர்த்தியசாலிகள் கபடிப் போட்டியின் நாக்-அவுட் அட்டவணை மாதிரி போடுவார்கள். கருவியோடு ஒரு புத்தகம், மீதி ஆறும் மூன்று ஜோடி. அந்த நான்கும் இரண்டாகும், இரண்டும் ஒன்றாகும். எந்தப் பொருளும் மூன்று தடவைக்கு மேல் ஆன்வில் ஏறவில்லை. எட்டும் சேர்ந்து முடிந்தபோது அபராதம் வெறும் 7. எந்தப் புத்தகம் இடப்பக்கம், எது வலப்பக்கம் என்பதிலும் லெவல் மிச்சமாகும். இதைக் கணக்கிட்டுச் சொல்வதற்கென்றே ஆட்டக்காரர்கள் நிரல்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

பெயர் வைக்கும் வேலைக்கு மட்டும் ஆன்வில் இளகிய மனசு காட்டும். அதற்குக் கூலி ஒரு லெவல், அதோடு பழைய அபராதம். வெறும் பெயர் மாற்றத்துக்கு 39க்கு மேல் கேட்பதே இல்லை. பழுது பார்க்க மாட்டேன் என்று ஒதுக்கிய கிழட்டுப் பிக்காசுக்கும் புதுப்பெயர் வைத்துக் கொடுக்கும். 2014இல் 1.8 பதிப்பு வரும்வரை பெயரிட்ட பொருளுக்கு அபராதம் ஏறாமல் நிற்கும் சலுகையும் இருந்தது. அந்தக் காலத்தில் சிக்கனத்துக்காகவே எல்லாவற்றுக்கும் பெயர் வைத்தார்கள்.

2013இல் உயிரினங்களுக்கு மாட்டும் பெயர்ச்சீட்டு வந்தபோது அதில் எழுதும் வேலையும் ஆன்வில் தலையில் விழுந்தது. பெயர் மாட்டிய பூனைக்குச் சொந்தக்காரர் இருக்கிறார் என்று தெரியும். பெயர் மாட்டிய ஸோம்பி, மற்ற ஸோம்பிகளைப்போலத் தூரம் போனதும் மறைந்துவிடாது. டின்னர்போன் என்று எழுதி மாட்டினால் பசுவோ பன்றியோ தலைகீழாக நடக்கும். அது ஆட்டத்தை உருவாக்கிய குழுவில் இருந்த நேதன் ஆடம்ஸின் புனைபெயர். பெர்கென்ஸ்டனின் ஜெப் என்ற பெயருக்குப் பின்னால் ஓர் அடிக்கோடு போட்டு ஆட்டுக்கு மாட்டினால் ரோமம் வானவில்லாக மாறிக்கொண்டே இருக்கும். முயலுக்கு டோஸ்ட் என்று பெயரிட்டால் கறுப்பும் வெள்ளையுமான ஒரு தனித் தோற்றம் வரும். ஓர் ஆட்டக்காரரின் தோழி வளர்த்துத் தொலைத்த முயலின் நினைவாகச் சேர்த்தது அது. காணாமல் போன ஒரு முயல் கோடிக்கணக்கானவர்களின் கணினிகளுக்குள் போய்ச் சேர்ந்ததற்கு 31 பாளம் இரும்பும் ஒரு லெவலும் வழி.

இத்தனை பொறுமையான பொருளுக்கு இன்னொரு முகம் உண்டு. மைன்கிராஃப்டில் மரத்தின் அடியை வெட்டினால் உச்சி அந்தரத்தில் நிற்கும்; வீட்டின் கீழ்ச்சுவரை எடுத்தால் மாடி மிதக்கும். மணல், சரளை போல ஒருசில பொருள்கள்தான் புவியீர்ப்புக்குக் கட்டுப்படும். ஆன்வில் அவற்றில் ஒன்று. அடியில் உள்ள பிளாக்கை எடுத்தால் நேராகக் கீழே இறங்கும், கீழே நிற்பவரை நசுக்கும். முதல் பிளாக்குக்குப் பிறகு ஒவ்வொரு பிளாக் உயரத்துக்கும் 2 புள்ளி உயிர் போகும், உச்சவரம்பு 40. ஆட்டக்காரரின் மொத்த உயிரே 20 என்பதால் கவசம் இல்லாதவருக்குப் பதினோரு பிளாக் உயரம் போதும். வாசலுக்கு மேலே ஆன்வில் தொங்கவிட்டு நண்பனை வரவேற்பது ஒரு பழைய குறும்பு. அமெரிக்க கார்ட்டூன்களில் ஓநாய்களின் தலையில் இரும்பு விழுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. விழுகிற ஒவ்வொரு பிளாக் தூரத்துக்கும் 5 சதவீதம் சேதமடையும் வாய்ப்பு ஆன்விலுக்கும் உண்டு. குறும்புக்கும் தேய்மானச் செலவு இருக்கிறது.

2016 பிப்ரவரி 29 அன்று 1.9 பதிப்போடு வந்து சேர்ந்தது மெண்டிங் என்ற மந்திரம். அது ஏறிய கருவியைக் கையில் வைத்துக்கொண்டு அனுபவப் புள்ளிகளைப் பொறுக்கினாலே போதும். ஒரு புள்ளிக்கு 2 வீதம் ஆயுள் தானாக ஏறிக்கொள்ளும். வைரமும் வேண்டாம், அபராதமும் கிடையாது. பழுது பார்க்கும் தொழிலுக்கு விழுந்த பேரிடி இது. ஆனால் மெண்டிங் பெரும்பாலும் புத்தகமாகத்தான் கிடைக்கும். அந்தப் புத்தகத்தைக் கருவியில் ஏற்ற வேண்டிய இடம் ஆன்வில். தன் வேலையைப் பறிக்கப்போகிற மந்திரத்தை அதுவே தன் மேல் வைத்து அடித்துக் கொடுத்தது.

2019 ஏப்ரலில் வந்த 1.14 பதிப்பு சாணைக்கல்லையும் கொண்டுவந்தது. இரண்டு குச்சி, ஒரு கல் பலகை, இரண்டு மரப்பலகை, அவ்வளவுதான் செலவு. இரண்டு கருவிகளைச் சேர்த்துக் கொடுக்கும், லெவல் எதுவும் கேட்காது. சாபங்களைத் தவிர மந்திரங்களை எல்லாம் வழித்து எடுத்துவிடும், பழைய அபராதக் கணக்கையும் சேர்த்து. பொருளின் மேல் ஆன்வில் எழுதியதை அழிக்கும் கல் அது. 39 லெவல் வரம்பு இன்னும் இருக்கத்தான் வேண்டுமா என்று ஆட்டக்காரர்கள் கேட்கத் தொடங்கியது நியாயமே. 2012இல், உயர்ந்த கருவிகள் நிரந்தரமாகாமல் தடுக்க அந்த வரம்புக்கு அர்த்தம் இருந்தது. மெண்டிங் வந்த பிறகு நிரந்தரம் சாதாரணமாகிவிட்டது. இன்று அந்தச் சிவப்பு எழுத்து, புத்தகங்களைத் தப்பான வரிசையில் அடுக்கிய புதியவர்களை மட்டுமே தண்டிக்கிறது.

ஆன்விலும் தேய்கிறது. ஒவ்வொரு வேலைக்கும் 12 சதவீத வாய்ப்பில் ஒரு படி இறங்கும். முதலில் சில்லு பெயரும், அடுத்து விரிசல்கள் பரவும், மூன்றாவது படியில் காலி. சராசரியாக 25 வேலை. ஒரு வேலைக்கு ஒன்றேகால் பாளம் இரும்பு என்று வைத்துக்கொள்ளலாம். நிஜ உலகில் தாத்தா அடித்த பட்டடையில் பேரனும் அடிப்பான். இங்கே ஒரு வாரம் தாக்குப்பிடித்தால் பெரிது. இடம் மாற்ற நினைத்து வெறுங்கையால் உடைத்தால் ஒன்றுமே மிஞ்சாது, பிக்காசு வேண்டும். இன்னொரு வேடிக்கை, ஜாவா பதிப்பில் சில்லு பெயர்ந்த ஆன்விலைச் சரிசெய்ய வழியே கிடையாது. இன்னோர் ஆன்விலின் மேல் அதை வைத்துப் பார்த்தாலும் பலன் இல்லை.

கடைசி வேலையிலும் அது ஏமாற்றுவதில்லை. கொடுத்த பிக்காசு முழு ஆயுளோடு கைக்கு வந்துவிடும். ஆன்வில் நொறுங்கும் சத்தத்தோடு இருந்த இடம் வெறுமையாகும். 31 பாளத்தில் ஒன்றுகூடத் திரும்பாது. பழைய ஆட்டக்காரர்கள் அதற்காகக் கவலைப்படுவதில்லை. கிராமவாசிகளைப் பயமுறுத்திக்கொண்டே இருந்தால் அவர்களைக் காக்க இரும்பு கோலெம் தோன்றும். ஒவ்வொன்றும் சாகும்போது 3 முதல் 5 பாளம் தரும். எட்டு கோலெம் விழுந்தால் ஓர் ஆன்வில் ஆயிற்று. கோலெம்களை இரவும் பகலும் வரவழைத்து வீழ்த்தும் பண்ணைகளைக் கட்டி வைத்திருப்பவர்கள் பெட்டி பெட்டியாக ஆன்வில் அடுக்கி, புத்தகம் ஏற்றும் அறையில் ஒன்று உடைந்தால் உடனே இன்னொன்றை வைத்துக்கொண்டு, அடுத்த பூனைக்கு என்ன பெயர் என்று யோசிப்பார்கள்.